லமாரின் ஒன்பது கத்திகள்

எங்கள் கில்கால் பாப்டிஸ்ட் சபையில் கத்தி தெரிந்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். இடது முன்கையில் முடி இருக்காது. புதுக் கத்தி கிடைத்ததும் முன்கையில் வைத்து மெல்ல ஒரு இழுப்பு இழுப்பார்கள். முடி உதிர்ந்தால் கத்தி நல்ல கத்தி. டாயில் ஹார்கெட்டுக்கு இடது கையில் முடி தீர்ந்துபோய் இப்போது கணுக்காலில் சோதிக்கிறான் என்று அவன் மனைவியே சொன்னதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

முப்பத்தோரு வருடமாக இந்த ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். முன்கையை மழிக்கிற கத்தி காட்டுப்பன்றிக்கு ஆகாது. டிரினிட்டி ஆற்றுப் படுகையில் திரிகிற பன்றி நாள் முழுக்கச் சேற்றில் புரளும். அந்தச் சேறு மயிரோடு காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். கண்ணாடிபோலத் தீட்டிய கத்தி அதன்மேல் வழுக்கும். வழுக்காவிட்டால் ஒரு சாண் போவதற்குள் மழுங்கும். பன்றிக்கு வேண்டியது ஆறு அங்குல அலகு. கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். கொழுப்புப் பட்டாலும் பிடி வழுக்கக் கூடாது. வெட்டுகிற வாய் சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், மழுங்கினால் தீட்டுக்கோலில் நாலு தேய்ப்பில் திரும்ப வர வேண்டும். அப்படிப்பட்ட கத்தி என் கடையில் கடைசி ஆணியில் வெள்ளைப் பிளாஸ்டிக் பிடியோடு தொங்குகிறது. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்கள் வந்து இரண்டு மூன்றாக வாங்கிப் போவார்கள். எங்கள் சபை ஆண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லையே.

ஒவ்வொரு ஜனவரியும் இரண்டாம் சனிக்கிழமை சபையில் காட்டுப்பன்றி விருந்து. டாயிலின் வைக்கோல் நிலத்தை உழுதுபோடுகிற பன்றிகளை அந்த வாரமே கூண்டில் பிடித்து, காலையில் சுட்டு, சபைக் கூடத்தின் பின்னால் பெக்கான் மரத்தடிக் குழாய்ச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். தோலுரித்து வெட்டுவது லமார் டக்கெட். இருபத்திரண்டு வருடமாக அவன்தான். மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவன். அவன் கை பன்றியின் தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே போகும்போது மீன் நீந்துகிற மாதிரி இருக்கும். மற்றவர்கள் சுற்றி நின்று காப்பி குடித்துக்கொண்டு இரும்பைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய விருந்தில் அந்தக் கை வழுக்கியது. வயிற்றைத் திறக்கும்போது கத்தி குடலில் இறங்கி, உள்ளிருந்தது வழிந்து, கீழே தொங்கிய முன்தொடை ஒன்று முழுசாகக் கெட்டுப்போனது. லமார் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது, காற்றில்லாத நேரத்தில் ஒரு இலை மட்டும் ஆடுவது மாதிரி. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அப்புறம் எங்கள் பாஸ்டர் ரேபர்ன், மிக நல்ல மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"கத்தி சரியில்ல, பிரதர் லமார்."

கர்த்தரே வந்து எங்களைக் காப்பாற்றியதுபோல இருந்தது. ஆமாம், கத்திதான் என்றான் டாயில். முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர் கார்லண்ட் பீவி அந்தக் கத்தியை வாங்கி மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பொய் சொல்லக் கூடாது என்று கட்டளை இருக்கிறது. ஆனால் அது பிறனுக்கு விரோதமாகச் சொல்கிற பொய்யைப் பற்றியது. கத்தி பிறன் இல்லை. அதற்கு ஆத்துமாவும் இல்லை. இப்படித்தான் நாங்கள் சமாதானப்பட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை லமார் என் கடைக்கு வந்து நல்ல கத்தி ஒன்று வேண்டும் என்றான். கொடுத்தேன்.

அந்த வசந்தத்தில் இன்னொன்று. மான்கொம்புப் பிடி போட்டது. டாயில் சொல்லி வாங்கினான். கோடையில் ஜப்பான் இரும்பு, அது கார்லண்டின் யோசனை. கார்லண்டிடம் ஒரு சின்ன நுண்ணோக்கி இருக்கிறது. கத்தியின் வாயை அதில் வைத்துப் பார்த்து, பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைவார். பன்றி எதையும் அவர் வெட்டிப் பார்த்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஆண்கள் எல்லோரும் லமாரைச் சூழ்ந்துகொள்வார்கள். இந்த இரும்பு எப்படி, அந்தப் பிடி எப்படி, கூர் நிற்கிறதா என்று கேள்விமேல் கேள்வி. இவ்வளவு அன்பான சபை இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று அப்போது நினைத்தேன். போன வருட விருந்தில் லமார் தன் புறங்கையிலேயே கீறிக்கொண்டான். கையுறை கிழிந்து ரத்தம் வந்தது. பிடி வழுக்குகிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். இலையுதிர் காலத்துக்குள் கத்தி ஏழானது. ஏழும் என் கடையில் வாங்கியவை.

இந்த வருட விருந்துக்கு நாலு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, லமாரின் மனைவி லூடெல் கடைக்கு வந்தாள். ஆணி வாங்குகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். கடையில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் கல்லாவுக்கு அருகில் வந்தாள்.

"ஹோலிஸ் பிரதர், இனிமே அவருக்குக் கத்தி விக்காதீங்க."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். சட்டைப் பொத்தானைத் தினமும் தான்தான் போட்டுவிடுவதாகச் சொன்னாள். கர்த்தருடைய பந்தியில் திராட்சைச் சாறு வரும்போது அந்தக் குட்டிக் கோப்பையின் அடியில் தன் விரலை வைத்துக்கொள்கிறாளாம், சிந்தாமல் இருக்க. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நான் அது தம்பதியர் அன்பு என்று நினைத்திருந்தேன்.

"சனிக்கிழம அவரு வயித்துலயோ தொடையிலயோ எறக்கிக்குவாரு. யாராச்சும் சொல்லணும், கத்தி இல்ல, கைதான்னு. நான் சொன்னா பொண்டாட்டி பயந்து பேசுறான்னு ஆயிடும். நீங்க சிநேகிதர்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள், ஆணி வாங்காமலே.

வியாழக்கிழமை லமார் வந்தான். நல்ல வேளை என்று நினைத்தேன். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அரைக் கோப்பைதான், நிறைய ஊற்றினால் சிந்துமே என்று. அப்படி ஊற்றும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். லமார் அரைக் கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். லமார், உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று தொடங்கினேன். சொல்லு என்றான். அவன் முகம் எதற்கோ காத்திருக்கிற முகமாக இருந்தது.

"சனிக்கிழமைக்குக் கத்தி தயாரா?" என்று கேட்டேன்.

அவன் காத்திருந்த முகம் மூடிக்கொண்டது. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டான். என் வாய் எனக்கே தெரியாமல் வியாபாரம் செய்யத் தொடங்கியது. புதிதாக வந்த ஒன்று இருக்கிறது, பிடியில் ரப்பர், விரலுக்குத் தனித்தனிப் பள்ளம் என்றேன். ஐந்து நிமிடத்தில் எட்டாவது கத்தியை விற்றுவிட்டிருந்தேன். அதை வண்டியில் வைத்துவிட்டு அவன் எனக்குக் கையசைத்தான், இடது கையால். அன்று இரவு என் ஜெபம் மிகச் சுருக்கமாக இருந்தது. பேசுவதற்கு முகம் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் ஜெபக் காலை உணவு. லமார் வரவில்லை; லூடெல்லைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தான். இதுதான் சமயம் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியின்மேல் ஊற்றிய குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைவிட, மற்றவர்கள் கத்திதான் காரணம் என்று நம்பிவிட்டார்கள் என ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. பாஸ்டர் சொல்லலாம் என்றான் டாயில். மேய்ப்பன் சொன்னால் அது கண்டனம் மாதிரி இருக்கும், சிநேகிதர் சொன்னால் இதமாக இருக்கும் என்றார் பாஸ்டர். நான் முயன்று தோற்றதைச் சொன்னேன். கத்தி விற்றதைச் சொல்லவில்லை. பாஸ்டர் எங்களைத் தலை குனியச் சொல்லி, தக்க மனிதனைக் கர்த்தர் எழுப்ப வேண்டும் என்று ஜெபித்தார். உருக்கமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது பதினாலு ஆண்களும் மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுப்பப்பட்டவர் யாருமில்லை.

அப்போது கார்லண்ட் எழுந்தார். ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன் என்றார். எங்கள் சபையில் தீர்மானம், வழிமொழிதல், வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டோம். லமாரின் இருபத்திரண்டு வருட ஊழியத்தைப் பாராட்டி, சபையின் சார்பில் அவனுக்கு ஒரு கத்தி பரிசளிக்க வேண்டும் என்பது தீர்மானம். டாயில் வழிமொழிந்தான். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். எனக்கு உண்டு. ஆனால் எல்லா முகத்திலும் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் என் கையும் ஆதரவாக உயர்ந்தது. அதன்பின் எந்தக் கத்தி என்று பேச்சு வந்து, ஒரு மணி நேரம் நடந்தது. முன்கைகள் நீட்டப்பட்டன. கடைசியில் பதினோரு அங்குல அலகு, வால்நட் மரப் பிடி, அலகில் லமாரின் பெயரும் ஒரு வேத வசனமும். பன்றியை வெட்ட அதைவிட மோசமான கத்தியை நான் விற்றதில்லை. மதியத்துக்குள் பெயர் பொறித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிந்தபோது தெற்குக் காற்று. ஜனவரியில் எங்களுக்கு இப்படி நடக்கும். ஏழு மணிக்கே மேல்சட்டை வேண்டாம்போல இருந்தது. இரண்டு பன்றிகள் தொங்கின, ஒன்று பெரிய ஆண். பத்து மணிக்குள் இறைச்சி பனிக்கட்டிக்குள் போயாக வேண்டும், இல்லாவிட்டால் நாறிவிடும். ஆனால் முதலில் பரிசளிப்பு. பாஸ்டர் பேசினார். கார்லண்டும் பேசினார். கத்தியை நீலத் துணியில் வைத்து நீட்டினார்கள். லமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அலகில் வெயில் பட்டு, அவன் கை ஆடியதால் அந்த வெளிச்சம் எங்கள் சட்டைகளின்மேல் குதித்துக் குதித்து ஓடியது. நாங்கள் கைதட்டினோம்.

சமையலறை ஜன்னலில் லூடெல் நின்றாள். அவள் கைதட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லமார் முழங்கைவரை கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். காட்டுப்பன்றி ரத்தத்தால் காய்ச்சல் வரும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்த நாளிலிருந்து அது கட்டாயம். பெரிய பன்றியின் பக்கம் போய், பின்காலை இடது கையால் பிடித்தான். பதினோரு அங்குலக் கத்தியின் முனை அவன் தொப்புளுக்கு நேராக, ஒரு முழத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்கிறவன் மாதிரி அவன் முனையை நிறுத்தப் பார்த்தான். ஒருமுறை. இன்னொருமுறை.

நான் நடந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கையுறைக்குள் அந்த நடுக்கம் என் கைக்குள் ஒரு குஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது.

"லமார். கத்தி நல்லாத்தான் இருக்கு. எல்லாக் கத்தியும் நல்லாத்தான் இருந்துச்சு. உன் கைதான்யா."

பின்னால் யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

லமார் திரும்பாமல் அப்படியே நின்றான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒம்போது கத்தி ஆயிடுச்சேடா, ஹோலிஸ், இத நீ சொல்றதுக்கு."

அவனுக்கு முதல் வருடமே தெரியும். டைலர் நகரத்துக்குக் கத்தி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போயிருக்கிறான். நோய்க்குப் பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, திரும்புகிற பாதை இல்லை. லூடெல் பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. தான் பயந்து பேசுவதாக அவன் நினைத்துவிடுவான் என்று அவளும் அவனிடம் சொல்லவில்லை. எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று பாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"நீங்க எல்லாரும் எனக்காக அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லிட்டிருந்தீங்க, பாஸ்டர். எப்படி நிறுத்தச் சொல்றது?" அவன் கத்தியை என் கையில் கொடுத்தான். "ரெண்டு வருஷமா வாசல்ல நிறுத்தி வெச்சு இரும்பப் பத்திக் கேட்டீங்க, பிடியப் பத்திக் கேட்டீங்க. கை எப்படி இருக்குன்னு ஒருத்தராவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

டாயில் தன் வழுக்கை முன்கையைத் தடவிக்கொண்டான். பாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

நல்லவேளையாகப் பன்றிகள் எங்கள் வெட்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. காற்றில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது யார் வெட்டுவது என்ற கேள்வி எழுந்தபோதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது. இருபத்திரண்டு வருடம் சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் பன்றி உரிக்கத் தெரியாது. டாயில் இடுப்பிலிருந்து தன் கத்தியை எடுத்தான். முன்கை முடியை ஒரே இழுப்பில் மழிக்கிற கத்தி. அது சேறு காய்ந்த தோலின்மேல் பனிச்சறுக்குப் போட்டது. அழுத்தியபோது நாலு விரற்கடை போய் நின்றுவிட்டது. கார்லண்ட் நுண்ணோக்கியை எடுக்க வண்டிக்குப் போனார். நான் என் பிக்கப் வண்டியிலிருந்து வெள்ளைப் பிடிக் கத்திகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்தேன். யாரும் எதுவும் கேட்காமல் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

லமார் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. நான் பின்காலைச் சுற்றி ஒரு கீறல் போட்டதும், அவன் தோலின் நுனியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து, உடம்பின் எடையை எல்லாம் பின்னால் சாய்த்தான். இழுப்பதற்கு நடுக்கம் ஒரு தடை இல்லை. பிடித்த பிடியில் கை நின்றுகூடப் போனது. தோல் உரிகிற இடத்தில் வெள்ளைச் சவ்வு தெரிந்தது. நான் அதில் கத்தியை ஓட்டினேன், உள்ளிருந்து வெளியே, சேறு படாமல். கோணலாகத்தான் வந்தது. இறைச்சியில் பாதி தோலோடு போகிறது என்றான். பேசாமல் இழு என்றேன்.

அந்த நேரத்தில் கார்லண்ட் வந்து பக்கத்தில் நின்றார். கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது, திறக்கவில்லை. பள்ளிப் பையன் மாதிரி இருமுறை வாயைத் திறந்து மூடினார்.

"பிரதர் லமார், சாப்புடறப்பவும் நடுங்குமா?"

"சூப்புன்னா நடுங்கும். மாமிசம்னா பரவால்ல."

தூங்கும்போது நின்றுவிடுமா என்று டாயில் கேட்டான். நின்றுவிடும். இடது கைக்கும் வருமா. வரலாம் என்கிறார்கள். வண்டி ஓட்ட? பகலில் ஓட்டுகிறேன். அதன்பின் கேள்விகள் நாலு பக்கமிருந்தும் வந்தன. பன்றியை அறுத்துக்கொண்டே, ரத்தக் கையோடு, பதினாலு ஆண்களும் கேட்டார்கள். அவன் தோலை இழுத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். இரண்டு வருடப் பேச்சு அவனுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததுபோல வந்தது. லூடெல் எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. அவள் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாப் பதிலையும் கேட்டுக்கொண்டிருந்தாள், மருத்துவர் சொன்ன பெயர் உட்பட. லமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் வந்து, வேர்வை கண்ணுக்குள் இறங்காமல் அவன் நெற்றியைத் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

இறைச்சி பனிக்கட்டிக்குள் போனபோது மணி பதினொன்றரை. ஒரு முன்தொடையை நாய்க்குத்தான் போட வேண்டியிருந்தது. மீதியில் அங்கங்கே மயிர் இருந்தது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினார்கள். விருந்து இரண்டு மணி நேரம் தாமதம்.

மனிதர்கள் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. சாயங்காலம் பீன்ஸும் சோளரொட்டியும் மேசைக்கு வருவதற்குள் டாயிலுக்கு நடுக்கத்துக்கு ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. அவனுடைய மைத்துனனின் பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பிள் காடி குடித்துக் குணமானாராம். கார்லண்ட் காடியை மறுத்து, செம்பு வளையம் என்றார். எந்தச் செம்பு என்று வாக்குவாதம் தொடங்கியது. லமார் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தான்.

"எனக்காகச் சண்ட போடாதீங்கப்பா. அந்தச் சூப்ப இப்படித் தள்ளுங்க" என்றான்.

கரண்டியில் பாதி வழியிலேயே சிந்தியது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டாயில் பேச்சை நிறுத்தாமலே தன் கைத்துணியை நீட்டினான். லமார் தாடையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை மறுபடி கிண்ணத்துக்குள் விட்டான்.